சால்வை வேண்டாம், கட்டுரையைப் படியுங்கள்

யாழ்ப்பாணத்து ஆய்வாளர் ஒருவரை அழைத்து மதுரையில் நீங்கள் நடத்திய சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டீர்கள். அவருக்கு ஐந்து நிமிட வாழ்த்துரை, நம்மூர்ப் பேச்சாளர்களுக்கு ஆளுக்கு முக்கால் மணி நேரம். அவர் கொண்டுவந்த கட்டுரை பையை விட்டு வெளியே வரவில்லை. மேடையில் ஒருவர்கூட அதைப் படித்திருக்கவில்லை.

மதுரையில் இப்படி நடந்ததுதான் வலிக்கிறது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கிய தமிழ்ச் சங்கம், யாழ்ப்பாணத்துக் கு. கதிரைவேற்பிள்ளையின் அகராதியை அச்சிட்டது. இலங்கையின் காரைதீவில் பிறந்த தமிழறிஞர் விபுலாநந்தர் 1916இல் பண்டிதத் தேர்வில் தேறியது இந்தச் சங்கத்தில். ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஆராயும் அவருடைய ‘மதங்க சூளாமணி’யை வெளியிட்டதும் இதே சங்கம். அவர்களுக்குச் சால்வை போர்த்தி அனுப்பிவிடவில்லை. படித்தார்கள், அச்சிட்டார்கள்.

1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிக்காரர். அவர் பார்த்துப் பதிப்பித்த ஓலை ஏட்டில் புள்ளி இருக்காது. ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒன்றுபோல் இருக்கும். துணைக்காலுக்கும் (ா) ரகரத்துக்கும் ஒரே வடிவம், அதனால் ‘பாவை’யா ‘பரவை’யா என்று ஒரே ஏட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஓரம் பொடிந்த பல ஏடுகளைத் தேடி வாங்கி வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். அறிவுப் பரிமாற்றம் என்றால் எனக்கு இதுதான்: ஒருவர் எழுத்தை இன்னொருவர் வரி வரியாகப் படிப்பது.

நேரம் இல்லை என்கிறீர்கள். சால்வை போர்த்தவே நாற்பது நிமிடம் ஆனது.

“அவங்க மட்டும் நம்மளப் படிக்கிறாங்களா?” என்று கேட்கிறீர்கள். படிக்கிறார்கள். ஈழத்து ஆய்வாளர்கள் கைலாசபதியையும் சிவத்தம்பியையும் திறந்து பாருங்கள். சங்கப் பாட்டு முதல் நம் சினிமா வரை பேசியிருக்கிறார்கள்.

புத்தகம் கிடைப்பதில்லை என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் ‘நூலகம்’ இணையதளத்தில் ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்களும் இதழ்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. சொல் தடுக்கும், உண்மைதான். நம் வேதியியல் அங்கே இரசாயனவியல், இயற்பியல் அங்கே பௌதிகவியல். இரண்டு பக்கச் சொற்பட்டியல் போதும்.

அடுத்த முறை கட்டுரையை ஒரு மாதம் முன்பே வாங்குங்கள். இரண்டு பேர் படித்து, ஆளுக்கு இரண்டு பக்கம் கேள்வியோ மறுப்போ எழுதி, பத்து நாள் முன்னதாக அவருக்கு அனுப்பட்டும். மேடையில் அவர் பேச இருபது நிமிடம், கேள்விக்கு நாற்பது. வாழ்த்துரையே வேண்டாம். மறுத்துப் பேசினால் விருந்தாளி மனம் நோகும் என்று சொல்லாதீர்கள். படிக்காமல் புகழ்ந்தபோதுதான் அவர் முகம் வாடியது.

‘தொப்புள்கொடி உறவு’ என்று அன்று எத்தனை முறை சொன்னீர்கள்! அவர்கள் துயரத்தைக் கேட்கிறோம், அறிவைக் கேட்பதில்லை. 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு இதே மதுரையில் நடந்தது. அந்த மாநாடுகளுக்கு வித்திட்ட ஈழத்துத் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் நான்கு மாதம் முன்புதான் இறந்திருந்தார். அதே ஆண்டு ஜூன் பிறக்கும்போது யாழ் நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள், ஓலைச்சுவடிகளோடு. மேடைக்கு மேடை அதைச் சொல்லி அழுகிறோம். எரியாமல் நம் ஊருக்கே வந்த முப்பது பக்கக் கட்டுரையை, ஒரு தாளும் புரட்டாமல் அவர் பையிலேயே திருப்பி அனுப்பிவிட்டோம்.