ஊர்ப் பெயரை மாற்றித் தேடிப் பாருங்கள்

போரில் இறந்த கொள்ளுத்தாத்தாவை 'கன்னியாகுமரி மாவட்டம்' என்று போட்டுத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஒருவர் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார். கிடைக்காதுதான். 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும் வரை நாம் திருவிதாங்கூர்க்காரர்கள். உலகப் போர்களில் இறந்த படைவீரர்களின் பதிவுகளை வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பல பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கும், பக்கத்தில் திருவிதாங்கூர் என்று நிற்கும். அதோடு கல்குளம், விளவங்கோடு என்று தாலுகா பெயரையும் போட்டுப் பாருங்கள். எழுத்துக்கூட்டல் பெரிய தலைவலி. என் தாத்தாவின் அண்ணன் பெயரை வெள்ளைக்கார குமாஸ்தா எழுதியிருந்த விதத்தில் எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை, தகப்பன் பெயரை வைத்துத்தான் பிடித்தோம்.

சிங்கப்பூர் சண்டையில் குண்டு பட்டு இறந்தார் என்றுதான் பாட்டி கடைசிவரை சொன்னார். பதிவில் இருந்தது 1944. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததோ 1942 பிப்ரவரி 15. அப்படியானால் நடுவில் இரண்டு வருடம் எங்கே இருந்தார்? கைதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். அதை அறிந்த அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்புறம் ஒன்று. பழைய வீட்டுக் காகிதங்களில் திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டு இருந்தால் பயப்பட வேண்டாம், ஆங்கில ஆண்டு தெரிய 825 கூட்டுங்கள். ஆவணி முதல் டிசம்பர் வரை என்றால் 824. நான் முதலில் இதில்தான் ஒரு வருடம் தவறவிட்டேன்.