தரை திரும்பக் கிடைத்தது

"எத்தனை கிலோ குறைச்சீங்க?"

இரண்டு வருடமாக என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். 22 கிலோ. 92ல் இருந்து 70. சொன்ன கையோடு "என்ன டயட்?" என்பார்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் என்னென்ன திரும்பக் கிடைத்தது என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். தரை.

தினமும் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. பதினோரு வருடம் அதைத் தொலைத்துவிட்டு இருந்தவள் நான்.

ஒரே நாளில் தொலையவில்லை. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு சம்மணம் போட்டால் முட்டி வலித்தது. ஒரு காலை நீட்டிக்கொண்டேன். அப்புறம் இரண்டு காலையும் நீட்டிச் சுவரில் சாய்ந்தேன். அப்புறம் சோபாவோடு சரி. அருவாமனையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியும் பலகையுமாக அடுப்பு மேடைக்கு மாறினேன். மார்கழியில் புள்ளி வைத்துக் கோலம் போட்டது போய், கடையில் வாங்கிய ஸ்டிக்கரை மகளிடம் கொடுத்து ஒட்டச் சொன்னேன். மெட்டி இறுகி விரல் வீங்கியபோது கழற்றி பீரோவில் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று கிடைத்துக்கொண்டே இருந்ததால் எதையும் இழந்த மாதிரியே தெரியவில்லை. "வயசாகுதுல்ல" என்றார்கள். அப்போது எனக்கு 38.

கால் நகத்துக்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து காலை மடக்கி இழுத்தால் வயிறு குறுக்கே நிற்கும். குனிந்தால் மூச்சு முட்டும். வயிற்றுக்குள் சேர்ந்த கொழுப்பு, குனியும்போது உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. நுரையீரல் விரிய இடம் போதவில்லை. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு நான் செய்ததெல்லாம், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு விரல், நிமிர்ந்து மூச்சு வாங்கிவிட்டு அடுத்த விரல். ஒருநாள் நகத்தோடு சதையும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகள் தரையில் உட்கார்ந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து வெட்டிவிடுவாள். பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நான்தான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

2022 கார்த்திகையில் அப்பா இறந்தார்.

லால்குடி பக்கத்தில் எங்கள் ஊர். நடுவீட்டில் ஐஸ் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் தரையில் உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு அழுதுகொண்டிருந்தார்கள். நான் நுழைந்ததும் பெரியம்மா கையை நீட்டி, "வாடி, வந்து அப்பா பக்கத்துல உக்காரு" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும். அத்தனை பேர் முன்னால் யார் தூக்குவது என்ற கணக்கு அந்த நேரத்திலும் மனதில் ஓடியது. யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து சுவரோரம் போட்டார்கள். அப்பாவை எடுக்கும்வரை அதில்தான் இருந்தேன். அம்மாவும் அண்ணியும் சித்திகளும் கீழே ஒரே கொத்தாக இருந்தார்கள். அவர்களுடைய உச்சந்தலைதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கண்ணாடி மேல் கை வைக்க எனக்கு எட்டவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது நடுவீட்டில் ஒரு புது நாற்காலி இருந்தது. சிவப்பு. "நீ வந்தா உக்கார வேணும்ல" என்று அண்ணனை அனுப்பி வாங்க வைத்திருந்தார் அம்மா. தாலி இறக்கிய துக்கத்தில் இருந்த மனுஷி, என் முட்டியை நினைத்து நாற்காலி வாங்கியிருக்கிறார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்பே ஒரு மருத்துவமனைக்கு முட்டி வலி என்று போயிருக்கிறேன். எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பார்த்தவர், என் முகத்தைப் பார்க்காமலே "முதல்ல வாயைக் கட்டுங்கம்மா" என்றார். வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. அதன் பிறகு எந்த டாக்டரிடமும் போகவில்லை. "வாயைக் கட்டு" என்று சொன்னதால் ஒருவர் மெலிந்து நான் பார்த்ததில்லை. அப்படிச் சொல்லக் கேட்டவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் ஒதுங்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். நானே சாட்சி. சுகரும் பிரஷரும் உள்ளே ஏறிக்கொண்டிருந்த காலத்தை அந்த ஒரு வாக்கியம் எனக்கு வீணாக்கியது. கண்டிப்பாகச் சொன்னால்தான் திருந்துவார்கள் என்று நம்புகிற உறவினர்களும் இதைப் படிக்க வேண்டும்.

அப்பாவின் காரியமெல்லாம் முடிந்து நான் போன டாக்டரம்மா வேறு மாதிரி. எடை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "என்னென்ன செய்ய முடியலம்மா?" என்று கேட்டார். "தரையில உக்கார முடியல" என்றேன். அதை அப்படியே தமிழில் சீட்டின் முதல் வரியாக எழுதினார். அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.2. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். இருக்கிற எடையில் பத்தில் ஒரு பங்கு இறங்கினாலே உடம்பில் வித்தியாசம் தெரியும், மொத்தத்தையும் நினைத்து மலைக்காதீர்கள் என்றார். 9 கிலோ. அது கைக்கெட்டுகிற தூரமாகத் தெரிந்தது.

சாப்பாட்டில் அதிசயம் எதுவும் செய்யவில்லை. சோற்றைப் பாதியாக்கி, பொரியலையும் கூட்டையும் இரண்டு மடங்காக்கினேன். காபியில் சர்க்கரையை நிறுத்தினேன். ஆபீஸில் நாலு மணி பஜ்ஜிக்குப் பதில் வீட்டிலிருந்து சுண்டல். தினம் முட்டை. இரவுச் சாப்பாடு ஏழரைக்குள். இவ்வளவுதான்.

எனக்குத் தரையை மீட்டுக்கொடுத்தது அதனோடு சேர்ந்த இன்னொரு விஷயம். பிசியோதெரபி செய்த பெண் ஒரு பயிற்சி கொடுத்தார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். பத்து முறை. முதல் நாள் நாலாவதிலேயே தொடை நடுங்கியது. நாற்காலி பழகிய பிறகு அதைவிடத் தாழ்ந்த முக்காலி. முக்காலி பழகிய பிறகு குளிக்கிற ஸ்டூல். அதன் பிறகு சாமி அறையில் கிடந்த மணைப்பலகை. மணைக்கு வர எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. எடை இறங்க இறங்க நானும் ஒவ்வொரு படியாகத் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தேன்.

இதில் எடையின் பங்கு எவ்வளவு என்று படித்தபோது மலைத்துப்போனேன். முட்டித் தேய்மானம் உள்ள, எடை கூடிய பெரியவர்களிடம் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2005ல் வந்தது. உடம்பில் ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் விழுகிற சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது என்றார்கள். அந்தக் கணக்கை என் மேல் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு அடிக்கும் 88 கிலோ சுமை. ஒரு மூட்டை நெல்லுக்கு அதிகமாகவே வரும் என்று நினைக்கிறேன். அதைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறியவளைப் பார்த்துத்தான் "வயசாகுதுல்ல" என்றார்கள். மன்னியுங்கள், இதைச் சொல்லும்போது இப்போதும் கோபம் வருகிறது.

2012ல் பிரேசில் மருத்துவர்கள் வெளியிட்ட இன்னோர் ஆய்வும் உண்டு. 51 முதல் 80 வயது வரை 2002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார்கள். உட்கார 5 மதிப்பெண், எழ 5. கையையோ முட்டியையோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று குறையும். பிறகு வருடக்கணக்கில் அவர்களைக் கவனித்ததில், மதிப்பெண் மிகக் குறைவாக இருந்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. தரையில் உட்காராததால் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. காலின் பலம், மூட்டின் வளைவு, உடம்பின் சமநிலை, எடை எல்லாம் சேர்ந்து தெரிகிற இடம் அது. நம் பாட்டிமார்கள் எந்த ஆய்வும் இல்லாமல் ஒரு நாளைக்கு இருபது முறை இந்தப் பரீட்சையில் தேறிக்கொண்டிருந்தார்கள். என் மதிப்பெண் இன்று 8. எழும்போது ஒரு கையும் ஒரு முட்டியும் ஊன்றுகிறேன்.

மெட்டி திரும்பப் போட்ட நாளைச் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு வந்து, யோசிக்காமல் தரையில் உட்கார்ந்து வலது காலை மடக்கி இடது தொடை மேல் வைத்தேன். பாதம் என் கண்ணுக்கு நேராக இருந்தது. குதிகாலில் ஒரு மச்சம் இருக்கிறது எனக்கு, அதைப் பார்த்தே வருடக்கணக்காகியிருந்தது. பீரோவிலிருந்து எடுத்த மெட்டி கறுத்துப்போய்க் கிடந்தது. விபூதி போட்டுத் தேய்த்தேன். இரண்டாவது விரலில் தள்ளினால் தடையில்லாமல் போய் உட்கார்ந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. போய் நகவெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். பத்து விரலும் நானே வெட்டினேன், ஒரே மூச்சில் இல்லை, சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் படியில் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொள்ளாமல் ஏறினேன். மலைக்கோட்டையில் நானூறுக்கு மேல் படிகள். தாயுமானவர் சன்னதியோடு திரும்பிக்கொண்டிருந்தவள் உச்சிப் பிள்ளையார் வரைக்கும் போய்க் காவிரியைப் பார்த்தேன். ஊரில் அம்மா வீட்டுக் கழிப்பறை பழைய மாதிரி, குத்தவைத்து உட்காருவது. அதற்குப் பயந்தே அம்மா வீட்டில் ராத்தங்காமல் இருந்தேன் என்பதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற யாரோ ஒரு பெண்ணும் அதே காரணத்துக்காகத் தாய்வீட்டில் தங்காமல் திரும்பிக்கொண்டிருப்பாள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை கூடியவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. இத்தனை பேரும் என்னென்ன விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அந்தப் புள்ளிவிவரத்தில் இருக்காது.

இரண்டு விஷயம் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. முட்டி முழுக்கத் தேய்ந்தவர்களும் மாற்று அறுவை செய்தவர்களும் கட்டாயம் தரையில் உட்கார வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அறுவைக்குப் பிறகு சம்மணமும் குத்தவைப்பதும் வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வார்கள். நாற்காலி அவர்களுக்கு உரிமை. கோவிலிலும் மண்டபத்திலும் முதல் வரிசையில் போட வேண்டும். இன்னொன்று, எடை இறங்கினால் மட்டும் தரை திரும்பக் கிடைத்துவிடாது. என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் சத்துப் பவுடரை மட்டும் குடித்து மூன்றரை மாதத்தில் 14 கிலோ இறக்கினார். புடவை தொளதொளத்தது, பாராட்டு குவிந்தது. ஆனால் ஆயுதபூஜைக்குத் தரையில் உட்கார்ந்தவரை நாங்கள் இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. அவசரமாக இறக்கும்போது கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது. எடை பார்க்கிற மெஷினுக்கு இரண்டும் ஒன்றுதான், தொடைக்கு அப்படியில்லை. பருப்பும் முட்டையும் அந்த நாற்காலிப் பயிற்சியும் இல்லாமல் கிலோவை மட்டும் துரத்தாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இப்போது ஊசி போட்டு இறக்குகிறவர்களுக்கும் இதே வார்த்தைதான்.

டாக்டர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எடையைக் குறித்துக்கொள்வதற்கு முன், என் டாக்டரம்மா கேட்ட அந்தக் கேள்வியைக் கேளுங்கள். எங்களுக்கு 92, 85 என்பதெல்லாம் வெட்கமாக இருக்கும், வாயை மூடிக்கொள்வோம். என்ன செய்ய முடியவில்லை என்று கேட்டால் பேச எங்களிடம் நிறைய இருக்கிறது.

போன மாதம் அப்பா தெவசத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே ஊருக்குப் போய்த் தங்கினேன். காலையில் அம்மா வாழைப்பூவை எடுத்துக்கொண்டு நடுவீட்டில் அருவாமனையைப் போட்டு உட்கார்ந்தார். 74 வயது, இன்றும் கை ஊன்றாமல் உட்காருகிறவர். நான் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பூவை ஆய ஆரம்பித்தேன். மடலை உரித்து, ஒவ்வொரு பூவிலும் கள்ளனை இழுத்து, பிசுபிசுக்கிற கையில் எண்ணெய் தடவிக்கொண்டு. ஒரு மணி நேரம் இருக்கும். அப்பாவைப் பற்றி அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் நிதானமாகப் பேசினோம். மோர்த்தண்ணீரில் கடைசிப் பிடியைப் போட்டுவிட்டு அம்மா எழுந்தார். நானும் எழுந்தேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை, சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்தச் சிவப்பு நாற்காலி அதே மூலையில்தான் இருக்கிறது. துவைத்து மடித்த துணியை இப்போது அதில் அடுக்கி வைத்திருக்கிறார்.