போன் ஆப்பில் வரும் ஆர்எஸ்எஸ்ஐ போதாது

“போனில் ஆர்எஸ்எஸ்ஐ (வந்து சேரும் சிக்னலின் வலிமை) -50 காட்டினால் அந்த பிஎல்இ (குறைந்த மின்சக்தி புளூடூத்) போர்டு பாஸ், வேறு டெஸ்ட் தேவையில்லை” என்று சிலர் சொல்வது தவறு. அந்த எண் போர்டு அனுப்பும் பக்கத்தை மட்டும், அதுவும் குத்துமதிப்பாகத்தான் சொல்கிறது. போனைக் கொஞ்சம் திருப்பினாலே பல டிபி (டெசிபல்) மாறும். போர்டு தன் இருப்பை அறிவிக்க அனுப்பும் வழக்கமான விளம்பர பாக்கெட் போவதும் 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று சேனல்களில் மட்டுமே.

ரிசீவரைச் சோதிக்க டைரக்ட் டெஸ்ட் மோட் (சிப்பைச் சோதிப்பதற்கென்றே உள்ள புளூடூத் முறை) வேண்டும். வெளி சிக்னல் புகாத ஷீல்டு பெட்டிக்குள் போர்டை வைத்து, 37 பைட் கொண்ட 1500 பாக்கெட் அனுப்புங்கள்; ஒரு சேனலுக்கு ஒரு நொடிகூட ஆகாது. சிப் திருப்பித் தருவது வந்து சேர்ந்த எண்ணிக்கையை மட்டும். பிழை வரம்பு 30.8%, அதாவது 1038 வந்தால் தேறியது. ஆனால் தரநிலை கேட்கும் -70 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) லெவலில் சோதித்தால், அது வலுவான சிக்னல் என்பதால், ஆன்டெனாவைச் சிப்போடு பொருத்தும் மேட்சிங் இண்டக்டர் மாறிப்போய் 10 டிபி இழந்த போர்டும் சிரித்துக்கொண்டே பாஸாகும். நல்லதென்று தெரிந்த போர்டு எந்த சிக்னல் லெவலில் தோற்கிறது என்று பார்த்து, அதற்கு 3, 4 டிபி மேலே லெவலை வையுங்கள். கேபிள், பெட்டி இழப்பைக் கழிக்க மறக்காதீர்கள்.

அடுத்தது அலைவரிசையை நிர்ணயிக்கும் கிரிஸ்டல். அதோடு இணையும் லோட் கெபாசிட்டர் தவறான மதிப்பில் ஏறினால் அலைவரிசை நகரும். 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு) நகர்ந்தால் 2440 மெகாஹெர்ட்ஸில் சுமார் 98 கிலோஹெர்ட்ஸ். வரம்பு ±150 கிலோஹெர்ட்ஸ் என்பதால் அறை வெப்பத்தில் இணைப்பு கிடைத்துவிடும், ஆர்எஸ்எஸ்ஐயும் குறையாது. குளிரிலோ, எதிர்ப்பக்கம் நகர்ந்த இன்னொரு கருவியோடோதான் அறுந்துபோகும்.