ஹாம்பர்க்கில் 300 பேர் தூக்கிலிடப்பட்டார்களா?

"ஜாஸ் இசைக்கு ஆடியதற்காக ஹாம்பர்க்கில் 300 இளைஞர்களை ஹிட்லர் தூக்கிலிட்டார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. 300 என்பது கைதானவர்களின் கணக்கு.

நீளமாக வளர்த்த முடி, கையில் தொங்கும் குடை, சந்தித்தால், நாஜிகளின் 'ஸீக் ஹைல்' முழக்கத்தைக் கேலி செய்து 'ஸ்விங் ஹைல்' என்று ஒரு வணக்கம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஸ்விங் என்ற ஜாஸ் இசைக்கு ஆடி, இப்படித் திரிந்த பிள்ளைகளில் 300க்கும் மேற்பட்டவர்களை 1941 ஆகஸ்டில் ஹிட்லரின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ பிடித்தது. பலரை முடியை வெட்டி, கண்காணிப்பில் பள்ளிக்கே திருப்பி அனுப்பினார்கள். ஆனால் 1942 ஜனவரியில், முன்னணியில் நின்றவர்களை வதைமுகாமுக்கு அனுப்பச் சொல்லி ஹிட்லரின் போலீஸ் தலைவர் ஹிம்லர் கடிதம் எழுதினார். பையன்கள் சிலர் மோரிங்கன் முகாமுக்கும், பெண்கள் சிலர் உக்கர்மார்க் முகாமுக்கும் போனார்கள். அவர்கள் பட்டது கொஞ்சமல்ல, அதில் பொய்யைக் கலக்க வேண்டாம்.

மோரிங்கன் முகாம் நினைவகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.