பழகிடும் அண்ணி, பழகிடும்!

பழகிடுமாம். எங்க புது வீட்டுக்கு வயரிங் பண்ண தம்பி நேத்து ராத்திரி போன்ல சொல்றான். "அதெல்லாம் ஒரு ஆறு மாசத்துல பழகிடும் அண்ணி." சொல்லிட்டு சிரிப்பு வேற. கடன் வாங்கி வீடு கட்டுனது நாங்க, பழகிக்க வேண்டியதும் நாங்களாம்!

வயரிங் பண்ணவன் வெளியாள்னா பாக்கிப் பணத்தைப் பிடிச்சு வெச்சு வேலை வாங்கியிருப்பேன். இவன் என் வீட்டுக்காரருக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா பையன். வாயைத் திறக்க முடியுமா? கிரகப்பிரவேசத்துக்கு வேட்டி துண்டு வெச்சுக் குடுத்து, முதப் பந்தியில உக்கார வெச்சு, பாயசம் ஊத்தினோம். அன்னிக்கே பூஜை ரூம்ல லைட்டுன்னு நினைச்சு ஸ்விட்சைப் போட்டா வாசல்ல காலிங் பெல் அடிக்குது. "சாமியே வந்து கூப்பிடுது, நல்ல சகுனம்"னாங்க எங்க அத்தை. அவங்க பக்கத்துப் பையனாச்சே.

சரி, நேத்து நடந்ததுக்கு வர்றேன்.

மாடியில பத்து கிலோ ராகி, கழுவி தார்ப்பாய்ல காயப் போட்டிருந்தோம். மில்லுக்குக் குடுக்கணும். ஏழரை மணி இருக்கும், வத்தல்மலைப் பக்கம் மின்னுச்சு. அத்தை "ஏம்மா, ராகி!"ன்னு கத்துறதுக்குள்ள தூறல் விழுந்துடுச்சு. ஓடிப் போய் மாடிப்படி லைட்டைப் போட்டேன். எரியல.

இந்த மாடிப்படி லைட்டு இருக்கே. ஊர் உலகத்துல டூவேன்னு ஒண்ணு இருக்கு. கீழ போட்டுட்டு ஏறி, மேல அணைச்சுக்கலாம். ரெண்டு ஸ்விட்சுக்கும் நடுவுல ரெண்டு வயர் ஓடணும், அவ்ளோதான் சூட்சுமம். ஐடிஐல சேர்ந்த புதுசுலேயே பசங்க பலகையில மாட்டிப் பழகுற வேலை. நம்ம தம்பி ஒரு வயர் மிச்சம் பிடிச்சு, சாதா ஸ்விட்ச் ரெண்டை ஒண்ணு பின்னால ஒண்ணா கோத்து விட்டிருக்கான். கீழயும் போட்டிருக்கணும், மேலயும் போட்டிருக்கணும், அப்பதான் எரியும். மாடிப்படி ஏற வெளிச்சம் வேணுமா? முதல்ல இருட்டுல ஏறிப் போய் மேல ஸ்விட்சைப் போட்டுட்டு வா, அப்புறமா வெளிச்சத்துல ஏறு!

சாயங்காலம் ராகி கிளறிவிடப் போன அத்தை, கரண்ட் பில்லை மிச்சம் பண்றேன்னு மேல அணைச்சிட்டு வந்திருக்காங்க. போன் டார்ச் எடுக்கலாம்னு பார்த்தா, போன் பெட்ரூம்ல சார்ஜ்ல கிடக்கு. அந்த பிளக்குக்கு ஃபேன் ஸ்விட்சைப் போட்டாத்தான் கரண்ட் வரும். யாரோ ஃபேனை அணைச்சிருக்காங்க. போன் செத்துப் போச்சு.

பதினெட்டு படி. சுவரைத் தடவிக்கிட்டே ஏறுனேன். மேல ஸ்விட்சைப் போட்டேன். எரியல.

"கீழ போட்டிருக்கா பாருங்க!"

"போட்டிருந்துச்சு, எரியலையேன்னு அணைச்சேன்!"

"போடுங்க!"

கீழ நின்ன என் வீட்டுக்காரர் போடுற நேரம் பார்த்து நான் மேல மாத்தித் தட்டிட்டேன்.

"போட்டாச்சு!"

"எரியலையே!"

"அப்ப அணைக்கட்டுமா?"

"ஐயோ, தொடாதீங்க!"

"தொட்டுட்டேன்!"

இது இப்படியே அஞ்சு நிமிஷம். நடுவுல அத்தை, "இதுவா இருக்கும்பா"ன்னு பக்கத்து ஸ்விட்சைப் போட்டாங்க. அது மோட்டார். டேங்க் ஏற்கெனவே ரொம்பியிருந்துச்சு. மேலேருந்து மழை, டேங்க்லேருந்து ஒகேனக்கல் தண்ணி, நடுவுல ராகி. பரிசல் ஒண்ணுதான் குறைச்சல்.

தார்ப்பாயைச் சுருட்டிக்கிட்டே "மோட்டாரை அணைங்க!"ன்னு நான் கத்த, இவர் பதட்டத்துல எந்த ரூமுக்கோ ஓடி, பிளாஸ்திரி ஒட்டி வெச்சிருக்கிற பெட்ரூம் டியூப்லைட் ஸ்விட்சைத் தட்டிட்டார். டப்புனு மொத்த வீடும் இருட்டு. ஒரே நல்லது, மோட்டாரும் நின்னுச்சு.

அந்த ஸ்விட்ச்ல ஏன் பிளாஸ்திரின்னா, மெயின்ல ஆர்சிசிபின்னு, தானா கரண்டை நிறுத்துற பாதுகாப்பு ஸ்விட்ச் ஒண்ணு இருக்கு. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சரியா இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே, யாருக்கோ ஷாக் அடிக்குதுன்னு நினைச்சு விழுந்துடும். பெட்ரூம் டியூப்லைட்டுக்கு கரண்ட் கொண்டு போற ஃபேஸ் வயர் மெயின்லேருந்து போகுது, திரும்பி வர்றது இன்வெர்ட்டரோட நியூட்ரல் வயர்ல. கணக்கு எப்படி ஒத்துப் போகும்? இன்வெர்ட்டர் இருக்குல்லன்னு கேப்பீங்க. இருக்கு. அதுல எரியுறது போர்ட்டிகோ லைட்டும், காரே இல்லாத கார் ஷெட் லைட்டும்.

நான் பொறந்தது கிருஷ்ணகிரி, வாக்கப்பட்டது தர்மபுரி. 2004ல ஒரு மாவட்டத்தையே ரெண்டாப் பிரிச்சாங்க. ஆபீஸ், ஃபைல், எல்லைக்கல்லு எல்லாத்தையும் பிரிச்சாங்க. இவனால ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு நியூட்ரலைப் பிரிக்க முடியல.

ஒரு நாள் போர்டைக் கழட்டிப் பார்த்தேன். பூரா சிவப்பு. ஃபேஸும் சிவப்பு, நியூட்ரலும் சிவப்பு. கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த்துன்னு எனக்கே தெரியும். கேட்டா, "90 மீட்டர் காயில் மிச்சம் இருந்துச்சு அண்ணி, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" பாசம்! பாயிண்ட் கணக்குல காசு வாங்கும்போது அந்தப் பாசம் எங்க போச்சோ. பத்துக்குப் பன்னெண்டு ரூம்ல பதினாலு ஸ்விட்ச், அதுல அஞ்சு எதுக்குன்னு அவனுக்கே தெரியாது. அத்தை தனியா ஒரு வழி வெச்சிருக்காங்க. குங்குமம் வெச்சா லைட்டு, மஞ்சள் வெச்சா ஃபேன், ஒண்ணும் வெக்காதது சாமிக்கே வெளிச்சம்.

இருட்டுல உக்காந்து இவர் போன்லேருந்து அவனைக் கூப்பிட்டேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரு தீர்வு சொன்னான் பாருங்க. "அந்த ஆர்சிசிபியை எடுத்துட்டு டைரக்டா குடுத்துடறேன் அண்ணி, தொல்லையே இருக்காது." மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துறவன்! உயிரைக் காப்பாத்துற சாமான் ஒண்ணுதான் இந்த வீட்டுல ஒழுங்கா வேலை செய்யுது, அதையும் கழட்டணுமாம். முடியாதுன்னேன். அப்பதான் சொன்னான், பழகிடும்னு.

காலையில ஈர ராகியை அத்தை துணியில மூட்டை கட்டிக்கிட்டு இருக்காங்க. "விடு கண்ணு, முளை கட்டி மாவு அரைச்சுக்கலாம், உடம்புக்கு நல்லது." எனக்கு அழுகை வர வேண்டிய இடத்துல சிரிப்பு வந்துடுச்சு. அவனால எங்க வீட்டுக்குக் கிடைச்ச ஒரே லாபம் முளைகட்டுன ராகி.

சிரிச்சுக்கிட்டே பாத்ரூம் பக்கம் போனா, குளிச்ச தண்ணி ஓட்டைக்குப் போகாம ஹாலுக்கு வருது. டைல்ஸ் போட்டவர் எந்தப் பக்கம் வாட்டம் குடுத்தாரோ.

அவர் எங்க அண்ணன் பக்கத்துச் சொந்தம். அதனால அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல.