கொதித்தாறிய தண்ணீரும் மொட்டைமாடித் தாங்கியும்

கொழும்பு வெள்ளவத்தையில் எந்த வீட்டுக்குப் போனாலும், "கொதித்தாறிய தண்ணீர்தான், பயப்படாமல் குடியுங்கள்" என்று நீட்டுவார்கள். நல்ல பழக்கம். பல் துலக்குவதும் வல்லாரை கழுவுவதும் எந்தத் தண்ணீரில் என்று கேட்டால்தான் முகம் கறுக்கிறது.

போன மாத மழைக்குப் பிறகு எங்கள் தொடர்மாடியின் மேல்தாங்கியைப் பார்க்க ஏறினேன். மூடி அரை அடி விலகிக் கிடந்தது. கையை விட்டால் தண்ணீர் இளஞ்சூடு; சுவரில் வழுவழுவென்று ஒரு படலம். ஓரத்தில் ஊதிப்போன பல்லி ஒன்று மிதந்தது. கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று காவலாளித் தம்பியிடம் கேட்டேன். "நான் வந்து மூன்று வருடம், அண்ணா. கழுவிப் பார்த்ததில்லை" என்றான். நிர்வாகக் குழுவிடம் சொன்னால், "குழாய்த் தண்ணீர் சுத்திகரித்துத்தானே வருகிறது?" என்கிறார்கள்.

வருகிறதுதான். களனி ஆற்று நீரை அம்பத்தளையில் வடித்து, குளோரின் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்தக் குளோரின் என்ன சாகாவரம் பெற்றதா? தண்ணீர் சூடேற ஏற வேகமாகக் குறைந்துவிடும். லீஜியோனெல்லா என்றொரு கிருமி 25 முதல் 45 பாகை செல்சியஸ் சூட்டில் நன்றாகப் பெருகும்; வெயிலில் நிற்கும் தாங்கி அதற்குத் தாய்வீடு. ஷவரில் குளிக்கும்போது நுண்துளிகளோடு மூச்சில் ஏறி நுரையீரலைப் பிடிக்கும். கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைப்பவருக்கு இதில் ஒரு பாதுகாப்பும் இல்லை.

காலநிலை மாற்றம் என்றதும் பனிப்பாறை உருகுவதைப் பற்றித்தான் பேசுகிறோம்; எங்கள் தாங்கிக்கு அது மழையாக வருகிறது. காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான ஈரத்தைச் சுமக்கும். கொட்டினால் மொத்தமாகக் கொட்டும். கால்வாய் பொங்கி, மலக்குழி நீரும் எலிமூத்திரமும் கலந்து ஒழுங்கைக்குள் வரும்போது, நிலக்கீழ்த் தாங்கியின் வெடித்த மூடி எந்த மூலைக்கு? 2024 டிசம்பரில், வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் சிலரின் உயிரைப் பறித்தபோது, அது வயலில் இறங்குபவர்களின் நோய் என்று நாங்கள் இங்கே நிம்மதியாக இருந்தோம்.

வங்கதேசக் கிராமங்களில் பழைய பருத்திச் சேலையைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீர் வடித்தார்கள். கொலராக் கிருமி ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு மிதவை உயிரிகள் துணியில் தங்கிவிட, நோய் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது என்று 2003இல் ஆய்வு வெளியானது. அவர்களிடம் இருந்தது சேலை. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பதினாறு கார்கள் நிற்கின்றன. ஒரு மூடி வாங்க மூன்று கூட்டம் தேவைப்பட்டது.

மூடி வந்துவிட்டது, பூட்டோடு. திறப்பு யாரிடம் இருப்பது என்பதில்தான் இப்போது சண்டை.