கால் நரம்பும் கண் நரம்பும்

மான்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோ செய்த நரம்பு மீள்வளர்ச்சி ஆய்வுகள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். காரணம் வீட்டிலேயே இருக்கிறது. அம்மாவுக்குக் கிளாக்கோமா, அதாவது பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் நோய். மயிலாப்பூர் வீட்டில் ராத்திரி ஒன்பதரைக்குச் சொட்டு மருந்து போடுவது என் வேலை. கீழ் இமையை இழுத்துப் பிடித்து ஒரே சொட்டு, அப்புறம் மூக்கோரம் விரலால் கொஞ்ச நேரம் அழுத்த வேண்டும். "போன பார்வை திரும்புமாடா?" என்று அம்மா கேட்காத வாரமில்லை. "கண் தானம் வாங்கி மாத்திடலாமே" என்பார் மாமா. மாற்றுவது முன்னால் இருக்கும் கருவிழியை மட்டும்தான், கெட்டிருப்பது பின்னால் இருக்கும் நரம்பு என்று எத்தனை தடவை சொல்வது!

அந்த நரம்பில் சுமார் 10 லட்சம் இழைகள். அறுந்தால் மீனுக்கும் தவளைக்கும் மறுபடி வளரும், நமக்கு வளராது. அகுவாயோ குழு 1980களில் எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்து, வெட்டிய பார்வை நரம்போடு ஒட்டவைத்தது. விழித்திரைச் செல்கள் சில அந்தத் துண்டு வழியே மூளை வரை இழை நீட்டி, அங்கே இணைப்பும் போட்டன. ஆக, கோளாறு செல்லில் மட்டுமில்லை, அது வளர வேண்டிய சூழலிலும் இருக்கிறது.

கட்டுரையில் இல்லாத ஒன்று: ஸ்பெயினில் நரம்பியல் அறிஞர் கஹாலின் மாணவர் டெல்லோ 1911-லேயே இதேபோல முயன்று பார்த்திருக்கிறார்.

அம்மாவிடம் எலிக் கதையைச் சொன்னேன். "சரி, எலிக்காவது தெரியட்டும்" என்றாள்.